அவன் வராத எட்டு வருஷம்

"காதல் கதை படிப்பீர்களா?" என்று யாரையாவது நாலு பேர் நடுவில் கேட்டுப் பாருங்கள். "சேச்சே! அதற்கெல்லாம் எங்கே நேரம்?" என்றுதான் பதில் வரும். கேட்டவர் அந்தண்டை போனதும், தலையணைக்கு அடியிலிருந்து பாதி படித்த நாவல் மெள்ள வெளியே வரும். நம் பாட்டிமார் காலத்தில் அது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இப்போது பழுப்புக் காகித அட்டை போட்டுக்கொண்டு கைப்பைக்குள் ஒளிந்திருக்கிறது. இடம்தான் மாறியிருக்கிறது, வெட்கம் அப்படியே இருக்கிறது.

எனக்கும் அந்த வெட்கம் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் என் மேஜைமேல் மில்டன் இருப்பார். மில்டனுக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பத்திரிகைக் காரியாலயத்தில் வேலைக்கு வந்த பிறகு, அந்த வெட்கம் அதிகாரமாக உருமாறிவிட்டது. வருகிற கதைகளைப் படித்துப் பொறுக்குவது என் வேலைகளில் ஒன்று. 'வெறும் காதல் கதை' என்று ஓரத்தில் மூன்று வார்த்தை கிறுக்கித் திருப்பி அனுப்பிய கதைகளுக்குக் கணக்கே கிடையாது.

அந்த மூன்று வார்த்தைகளை இப்போது என் பேனா அவ்வளவு சுலபமாக எழுதுவதில்லை. காரணம், என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு எண்பது வயது. மேற்கு மாம்பலத்தில் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். கும்பகோணத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தபோது, "இதை மட்டும் யாரும் தொடக்கூடாது" என்று ஒரு தகரப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பட்டுப் புடவைகளாக இருக்கும் என்று மருமகள் நினைத்தாளாம். திறந்து பார்த்தால் அத்தனையும் பைண்டு செய்த தொடர்கதைகள்!

உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்திருக்கும். வாராவாரம் பத்திரிகை வந்ததும் முதலில் வீட்டு ஆண்பிள்ளைகள் படிப்பார்கள். பிறகு குழந்தைகள் துணுக்குகளைப் படிப்பார்கள். கடைசியில் கசங்கி வந்து சேரும் இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பதமாகப் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, பைண்டரிடம் கொடுத்து அட்டை போட்டு வைப்பார்கள். கதையின் பின்பக்கத்தில் பாதி ஜோக்கு, தலைவலி மாத்திரை விளம்பரம், உப்பு எவ்வளவு என்று சொல்வதற்குள் முடிந்துபோன சமையல் குறிப்பு எல்லாம் சேர்ந்தே வரும்.

1964-ஆம் வருஷத்துத் தொடர் ஒன்றில் மட்டும் நடுவே இரண்டு வாரப் பக்கங்கள் இல்லை. சிறு வயதில் அதைப் படித்துவிட்டு, "என்ன ஆச்சு பெரியம்மா?" என்று நச்சரித்திருக்கிறேன். "அந்த ரெண்டு வாரம் பத்திரிகை வரலே" என்பாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

கதாநாயகிகளைப் பற்றி அவளுக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வெளிவந்த காலத்தில் தமிழ்நாடே பூரணிக்காகவும் அரவிந்தனுக்காகவும் உருகிற்று அல்லவா? பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பெயர்களையே வைத்தார்கள். பெரியம்மாவும் உருகியவள்தான். ஆனால் அவள் உருகிய இடம் வேறு.

"அரவிந்தன் செத்துப் போனதுக்கு ஊரே அழுதது. நானும் அழுதேன். அப்பா போனப்புறம் தம்பி தங்கையை எல்லாம் அந்தப் பொண்ணு ஒத்தையாத் தூக்கி நிறுத்தினாளே, அதுக்கு யாராவது ஒருத்தர் கை தட்டினாரா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

புதிதாக எந்தக் காதல் கதையைப் பற்றிச் சொன்னாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அவன் வராதபோது அவள் என்ன பண்ணிண்டிருந்தா? அதைச் சொல்லு."

நான் படித்த விமரிசனப் புத்தகங்களில் பாத்திரப் படைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவின் கேள்விக்குள் அதில் பெரும் பகுதி அடங்கிவிடுகிறது என்று தோன்றுகிறது. 1847-இல் சார்லட் பிரான்டே எழுதிய 'ஜேன் அயர்' இத்தனை காலம் ஏன் நிலைத்து நிற்கிறது? ராச்செஸ்டரின் மிடுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவனுக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருக்கிறாள் என்று தெரிந்ததும், உயிருக்கு உயிரான அவனை விட்டுவிட்டு, கையில் அதிகக் காசு இல்லாமல் ஜேன் வெளியேறுகிறாளே, கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாளே, பிறகு வந்த சொத்தையும் உறவினருக்குச் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிறாளே, அந்தப் பக்கங்களில்தான் அவள் யார் என்பது நமக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு அவள் அவனிடம் திரும்பி வரும்போது, நம் மனம் அவளை ஆட்சேபிப்பதில்லை.

எல்லாக் காதல் கதைகளும் இந்தப் பரீட்சையில் தேறிவிடுமா? தேறாது. எனக்கு வந்து சேரும் கதைகளில் மூன்று ரகத்தைக் கண்டாலே தலைவலி வரும். ஒன்று, நேரில் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடுகிற சந்தேகத்தை இருபது வாரம் இழுக்கிற ரகம். இரண்டாவது, கதாநாயகன் எரிந்து விழுந்தாலும் கையைப் பிடித்து முறுக்கினாலும் அதையெல்லாம் ஆழ்ந்த அன்பு என்று சொல்கிற ரகம். நிஜ வாழ்க்கையில் அப்படி ஒருவன் வீட்டுக்கு வந்தால் நாம் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டோமா? மூன்றாவது, கதாநாயகிக்கு மான் விழி, முத்துப் பல், நீண்ட கூந்தல் எல்லாம் இருக்கும். அபிப்பிராயம் என்று ஒன்று மட்டும் இருக்காது. இவற்றைத் திருப்பி அனுப்பியதற்காக நான் வருத்தப்படவில்லை. இவற்றோடு சேர்த்து வேறு சிலவற்றையும் அனுப்பிவிட்டேனோ என்பதுதான் என் கவலை.

போன வருஷம் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. சில நாட்களுக்குக் கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புஸ்தகம் இல்லாமல் பெரியம்மா தவித்த தவிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. "சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது நான் ஒரு கதை சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் முல்லை மொட்டுகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பூத்தொடுக்க அவள் விரல்களுக்குக் கண் வேண்டாம்.

ஜேன் ஆஸ்டின் கடைசியாக எழுதி முடித்த நாவலை நான் தேர்ந்தெடுத்தேன். 'பர்சுவேஷன்' என்று பெயர். ஒருவர் மனத்தை நயமாகப் பேசிக் கரைத்துவிடுவது என்று அதற்கு அர்த்தம். ஆஸ்டின் 1817 ஜூலையில், நாற்பத்தோரு வயதில் காலமானார். புத்தகம் அந்த வருஷக் கடைசியில்தான் வெளிவந்தது.

"கதாநாயகிக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு, பெரியம்மா. ஆன் எலியட் என்று பெயர். அழகெல்லாம் வாடிவிட்டது என்று வீட்டிலேயே சொல்லுகிறார்கள்."

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்தேழு வயதில், வாடிப்போன முகத்தோடு ஒரு கதாநாயகி! அவள் பெட்டியில் அப்படி ஒருத்தி இல்லை.

ஆனின் தகப்பனார் பெரிய பிரபு. தம் வம்சாவளி அச்சாகியிருக்கும் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் படிக்காதவர். அறை முழுக்க நிலைக் கண்ணாடி மாட்டி வைத்திருப்பவர். பதினாலு வயதில் தாயை இழந்த ஆனுக்கு, தாயின் சிநேகிதியான லேடி ரஸ்ஸல்தான் தாய் ஸ்தானம். பத்தொன்பது வயதில் கப்பற்படையைச் சேர்ந்த வென்ட்வர்த் என்ற வாலிபனை ஆன் மணக்கச் சம்மதிக்கிறாள். அவனுக்குச் சொத்து இல்லை. சிபாரிசு செய்ய ஆளும் இல்லை. "வேண்டாம்" என்கிறாள் லேடி ரஸ்ஸல். ஆன் கேட்டுக்கொள்கிறாள். அவன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறான். எட்டு வருஷம் ஓடிவிடுகிறது.

"அந்த லேடி ரஸ்ஸல் கெட்டவளா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"இல்லை. ரொம்ப நல்லவள். இவள்மேல் உயிரையே வைத்திருப்பவள்."

"அதுதான் கஷ்டம். கெட்டவா சொன்னா காதிலே போட்டுக்காம போயிடலாம். நல்லவா சொன்னா என்ன பண்றது?"

விரல்கள் நிற்கவில்லை. நானும் கதையைத் தொடர்ந்தேன்.

வென்ட்வர்த் இருபத்தையாயிரம் பவுன் சம்பாதித்துக்கொண்டு காப்டனாகத் திரும்பி வருகிறான். ஆனைப் பார்த்துவிட்டு, அடையாளமே தெரியாதபடி மாறிவிட்டாள் என்கிறான். அது அவள் காதிலேயே வந்து விழுகிறது. அவள் என்ன செய்கிறாள்? கீழே விழுந்து தோளெலும்பு பிசகிய தங்கை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். மற்றவர்கள் ஆடுவதற்காகப் பியானோ வாசிக்கிறாள். அவன் வேறொரு பெண்ணோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறாள்.

"வாசிக்கட்டும், வாசிக்கட்டும்" என்றாள் பெரியம்மா. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

பிறகு கடற்கரை ஊரான லைமில், பிடிவாதக்காரியான லூயிசா படிக்கட்டிலிருந்து குதித்து, கல்தரையில் நினைவிழந்து விழுகிறாள். எல்லோரும் அலறுகிறார்கள். போர்க்கப்பல் நடத்திய காப்டனே சுவரில் சாய்ந்துவிடுகிறான். வைத்தியருக்கு ஆள் அனுப்பு என்று ஆன்தான் நிதானமாகச் சொல்லுகிறாள். அவள் சொன்னபடி எல்லோரும் நடக்கிறார்கள்.

"இப்போதானே அவன் கண்ணிலே பட்டிருக்கா!" என்று பெரியம்மா தொடையில் தட்டிக்கொண்டாள். "எனக்குப் போன வாரம் ஆபரேஷன், அவனுக்கு இப்போ!"

அன்றைக்கு அதோடு நிறுத்தினேன். "தொடரும் போட்டுட்டியாக்கும்?" என்று கோபித்துக்கொண்டாள்.

முடிவைச் சொல்லும் நாளில், அதன் பின்னால் உள்ள கதையையும் சேர்த்துச் சொன்னேன். ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவு வேறு. ஆன் தன் உறவினன் ஒருவனை மணக்கப் போகிறாள் என்ற வதந்தி உண்மையா என்று வென்ட்வர்த் அவளைக் கேட்க நேர்கிறது, அவள் இல்லை என்கிறாள், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டினுக்கு இது திருப்தியாக இல்லை. உடம்பு நலிந்திருந்த 1816-இல் அந்தப் பகுதியை மாற்றி எழுதினார். தள்ளிவிட்ட கையெழுத்துப் பிரதி இன்றும் பத்திரமாக இருக்கிறது.

மாற்றி எழுதிய முடிவில் என்ன நடக்கிறது? பாத் நகரத்து விடுதி ஒன்றில், மூலையில் உட்கார்ந்து வென்ட்வர்த் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலருகில் இன்னொரு காப்டனோடு ஆன் பேசிக்கொண்டிருக்கிறாள். நம்பிக்கை அற்றுப்போன பிறகும் அதிக காலம் அன்பு வைத்திருப்பது ஆணா, பெண்ணா என்று விவாதம். பெண்ணின் மனம் நிலையற்றது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றனவே என்கிறார் அவர். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் ஆண்கள் அல்லவா என்கிறாள் ஆன். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதுபோல் தன்னையே பேசிவிடுகிறாள். விவாதத்தின் நடுவே மூலையில் பேனா கீழே விழுகிறது. எட்டு வருஷக் கோபமும் அத்துடன் விழுந்துவிடுகிறது. அவன் அங்கேயே உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான்.

முந்திய முடிவில் ஒரு வதந்தி அவர்களைச் சேர்த்து வைத்தது. பிந்திய முடிவில் அவளுடைய அபிப்பிராயம் சேர்த்து வைத்தது. பாத்திரங்களே கதையை நடத்துவது என்று சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெரியம்மா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரி. லேடி ரஸ்ஸலை அவள் என்ன பண்ணினா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் என்னைக் கேட்டதில்லை. ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னேன். லேடி ரஸ்ஸல் சொன்ன புத்திமதி தவறுதான் என்கிறாள் ஆன். தான் அப்படி ஒரு புத்திமதியை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றும் சொல்கிறாள். ஆனாலும் தாயாக இருந்தவள் சொன்னதைத் தான் அன்றைக்குக் கேட்டது தவறில்லை என்கிறாள். அவளை மன்னித்தும் விடுகிறாள்.

பூத்தொடுத்த விரல்கள் நின்றுவிட்டன.

"அப்படியா எழுதியிருக்கா?" என்றாள் பெரியம்மா. சற்றுப் பொறுத்து, "அந்த ரெண்டு வாரம் பத்திரிகை ஏன் வரலேன்னு கேப்பியே..." என்று ஆரம்பித்தாள்.

அவளுடைய அண்ணாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தாராம். தாற்காலிக உத்தியோகம், கல்யாணத்துக்கு மூன்று தங்கைகள். வாராவாரம் தாம் வாங்கும் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுப்பாராம். திண்ணையில் நின்றபடியே, "இந்த வாரம் கதாநாயகி செய்தது சரியா?" என்று ஒரு கேள்வி, வாசற்படிக்கு உள்ளிருந்து ஒரு பதில். ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. 1964-இல் பெண் கேட்டார். என் பாட்டி வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே சொன்னாளாம். கல்கியின் 'தியாக பூமி' 1938-39-இல் தொடராக வந்தபோது, கோர்ட்டில் நின்று கணவனோடு வாழ மறுத்த சாவித்திரிக்காகப் பரிந்து பேசியவள் அந்தப் பாட்டி! கதையில் வந்த பெண்ணுக்குக் கொடுத்த தைரியத்தைத் தன் பெண்ணுக்குக் கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. அவர் வருவது நின்றது. இரண்டு வாரம் கழித்து அண்ணா தாமே பத்திரிகைக்குச் சந்தா கட்டினார். அவர் வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"கல்யாணம் ஆன வருஷமே சொல்லிட்டேன். நாப்பது வருஷம் ஒரு வாரம் தவறாமே பத்திரிகை வாங்கிண்டு வந்தார். உங்க பெரியப்பா தங்கம்." பிறகு ஒரு முல்லை மொட்டை எடுத்துத் திருப்பித் திருப்பித் தடவினாள். "அம்மா சொன்னது தப்புதான். நான் கேட்டது தப்பில்லே. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாத் தெரியலே, பாரு."

பாட்டி படுத்த படுக்கையாக இருந்த மூன்று வருஷம் அவளைக் கண்போலப் பார்த்துக்கொண்டது இந்தப் பெரியம்மாதான்.

சகோதரிகளே, எண்பது வயது வரை என்னிடம் சொல்லாத ஒன்றை, இருநூறு வருஷத்துக்கு முன் கல்யாணமே செய்துகொள்ளாமல் வாழ்ந்து மறைந்த ஒரு இங்கிலீஷ்காரியின் காதல் கதை சொல்ல வைத்தது. நம் வீட்டுப் பெண்கள் கதாநாயகிகளைப் பற்றி அவ்வளவு ஆவேசமாகச் சண்டை போட்டது ஏன் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. "பூரணி செய்தது சரி" என்று சொல்லலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். "எனக்கு வேண்டியது இது" என்று சொல்ல முடிந்ததா? ஜன்னலருகில் நின்று ஆன் பேசியது போலத்தான் அவர்களும் பேசியிருக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்து கேட்க ஆள் இருந்ததா என்பதுதான் கேள்வி.

மறுநாள் காரியாலயத்தில், திருப்பி அனுப்ப எடுத்து வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு கதையை உருவிப் படித்தேன். சிறிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி எழுதியது. ஓரத்தில் என் மூன்று வார்த்தைகள் இருந்தன. நடுவே இரண்டு பக்கம், கதாநாயகி இரவெல்லாம் ரவிக்கை தைத்துத் தம்பியின் கடனை அடைக்கிறாள். காதலன் எப்போது வருவான் என்று தேடிக்கொண்டு போன நான், முதல் தடவை அந்த இரண்டு பக்கத்தையும் தாண்டிப் போயிருந்தேன். மூன்று வார்த்தைகளையும் ரப்பரால் அழித்தேன்.

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்காதீர்கள், "என்ன இருக்கு சொல்ல?" என்று முடித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பிடித்த கதாநாயகி யார், அவள் செய்ததில் எது சரி, எது தப்பு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று பெரியம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாதே. யாராவது கேட்டா, வெறும் காதல் கதைன்னு சொல்லிடு" என்றாள்.

கண் இப்போது நன்றாகத் தெரிகிறது அவளுக்கு. ஆனாலும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்த கதை எப்போ?" என்கிறாள்.